கரி மொய்

பேராவூரணிக்குக் கிழக்கே, கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில், ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துதான். அந்த விருந்துகளில் பாதிக்கு மேல் பந்தலும் மைக்செட்டும் அருள்பிரகாஷுடையவை. மற்ற மைக்செட்காரர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்துவிடுவார்கள். அருள் படிக்க மாட்டான். மொய் போட வந்தவரையே நிறுத்தி, பெயர், தகப்பன் பெயர், எந்தத் தெரு, பழைய வீடா புது வீடா என்று கேட்டுக்கொண்டுதான் பொத்தானை அமுக்குவான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கலெக்டர் தோரணை. வேலை முடிந்ததும் ஒயரை ஒரே அளவு வளையமாகச் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிய பிறகுதான் சாப்பிட உட்காருவான்.

அவனுக்கு ஒரு தங்கை. பெயர் ஃபெபி. அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வீட்டில் யாருக்கும் இல்லாத குறும்பு எல்லாம் சேர்ந்து அவளிடம் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு வயதில் லுத்தரன் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஆட்டு வேஷம் கொடுத்தார்கள். ஒரு வேலையும் இல்லை, படுத்துக் கிடந்தால் போதும். மேடையில் தேவதூதனாக வந்த பையனுக்கு வசனம் மறந்துவிட்டது. இரண்டு முறை எச்சில் விழுங்கினான். படுத்திருந்த ஆடு எழுந்து நின்று, மேய்ப்பர்களைப் பார்த்து, இரட்சகர் பிறந்திருக்கிற செய்தியை முழுவதுமாகச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மைக்கை ஆட்டின் பக்கம் திருப்பி வைத்தவன் அருள். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது, "ஒரு வார்த்தை பிசகல" என்பான்.

திருவாரூரில் ஃபெபி மேல்படிப்பு முடித்துப் பட்டம் வாங்கியபோது அருள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அவள் பெயரைச் சொன்ன நேரத்தில் அரங்கத்து ஸ்பீக்கர் கிய்யென்று கத்தியது. சாப்பாடு, போட்டோ எதுவும் அவன் மனதில் நிற்கவில்லை. ஸ்பீக்கரை மைக்குக்கு நேர் எதிரே வைத்திருந்தார்கள் என்பதுதான் நின்றது.

படித்து முடித்த தங்கை ஊருக்கே வேலையோடு வந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்று. என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்தாள்.

"கரி சுட்டு மண்ணுல புதைக்கிற வேலைம்மா."

ஊர்க்காரர்களுக்கு அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். உலகம் முழுக்கப் புகை மேலே போய்ச் சூடு ஏறிக் கிடக்கிறது. மரம் வளரும்போது அந்தக் கெட்ட காற்றை இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. மரம் மக்கினாலும் சாம்பலாக எரிந்தாலும் அது திரும்பவும் மேலே போய்விடும். அடிக்காற்று புகாத கொப்பரையில் போட்டுக் கரியாக்கி, சாணியோடு கலந்து வயலில் போட்டால் பல தலைமுறைக்கு மண்ணிலேயே கிடக்கும். உப்புப் பூத்த மண்ணும் கொஞ்சம் பொலபொலப்பாகும்.

"கரியப் புதைக்கவா படிச்சே? இஸ்திரிக்காரன்கிட்ட குடுத்தா காசாவது வரும்" என்றார் கீழத்தெரு காத்தான்.

"அவரு அதை எரிச்சிருவாரு மாமா. எரிச்சா மேல போயிரும்."

"போவட்டுமே. மேல என்ன உங்க அப்பன் வயலா இருக்கு?"

கரிக்கு மரம் வேண்டும். அதற்குப் பஞ்சமில்லை. ஊர் ஏரி முழுக்கச் சீமைக் கருவேலம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஆடு கூட நுழைய முடியாத முள்காடு. வெட்டிக்கொள்ள அனுமதியும் வாங்கியாகிவிட்டது. கம்பெனி நான்கு இரும்புக் கொப்பரைகளை அனுப்பிவைத்தது. அகன்ற வாயும் குறுகிய அடியுமாக இருந்த அவற்றைப் பார்த்து, அல்வா கிண்டப் போகிறார்களா என்று ஊர் கேட்டது.

கால்வாய்த் தண்ணீர் வந்து ஏரி நிரம்பிவிட்டால் வெட்ட முடியாது. அதற்குள் ஏரி மரம் முழுவதும் கரியாகி வயலுக்குப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொப்பரைகள் வேறு ஊருக்கு, ஃபெபியின் வேலை போன இடம் தெரியாது. தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும் என்று அவள் நாளுக்கு நாலு தடவை போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலேயே, தண்ணீர் மெதுவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் அவள்தான்.

தடை வேறொரு இடத்தில் இருந்தது. ஏரிக்குள் டிராக்டர் இறங்க ஒரே வழி காத்தானின் களம். வழியை அவர் விட வேண்டும். ஊரில் டிராக்டர் இரண்டும் வெட்டு ஆட்களும் மேலத்தெருப் பொன்னுத்தாய் கையில். அதை அவர் அனுப்ப வேண்டும். இந்த இருவரும் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. ஊரில் பாதி அவர் பக்கம், பாதி இவர் பக்கம். இவர்கள் அசையாமல் யாரும் அசைய மாட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் நிலமும் இல்லை, வரப்பும் இல்லை. மொய்தான். இந்தப் பக்கத்து வழக்கம் இப்படி: ஒருவர் விருந்தில் நாம் போட்ட மொய்யை, நம் வீட்டு விருந்தில் அவர் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். கூட்டினால் உறவு ஓடுகிறது. போட்டதை அப்படியே திருப்பினால், இத்தோடு சரி, இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள். பொன்னுத்தாய் மகன் கல்யாணத்தில் காத்தான் அப்படியே திருப்பினார். ஒரு ரூபாய் கூட இல்லை. அதைப் படித்தவனும் அருள்தான். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டுதான் படித்தான்.

"மொய்யா திருப்புனான்? என் மூஞ்சியில அடிச்சான்" என்பார் பொன்னுத்தாய்.

காத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஃபெபி இரண்டு கூட்டம் போட்டாள். முதல் கூட்டத்துக்குக் காத்தான் வந்ததைப் பார்த்துப் பொன்னுத்தாய் வாசலோடு திரும்பினார். இரண்டாவதில் அவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டதால் காத்தான் வரவில்லை. அன்று சாயங்காலம் ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, நம்ம ஊருல ஒரு ஆள எப்படிண்ணே வேலை செய்ய வைக்கிறது?"

"காசு குடுக்கணும்."

"காசு குடுத்தாலும் வர மாட்டேங்குறாங்களே."

"அப்ப கடன் பட்டிருக்கணும். மொய்க்கடனுக்கு ஓடுற மாதிரி இந்த ஊருல எவன் எதுக்கு ஓடுறான்?"

அவன் சும்மா சொன்னான். ஃபெபி துடைப்புத் துணியை வாங்கி, அவன் துடைத்து முடித்த பெட்டியையே மறுபடி துடைத்தாள். அவள் எதையோ யோசிக்கிறாள் என்றால் கை இப்படி வேண்டாத வேலை செய்யும். அருள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஊர் முழுக்கச் செய்தி. ஏரிக்கரையில் ஃபெபி வீட்டு மொய் விருந்து. பணம் வேண்டாம், கரி மொய். வருகிறவர்கள் ஃபெபிக்குப் போட வேண்டியதில்லை. ஊரில் யார் வயலுக்கு வேண்டுமானாலும் போடலாம். வாங்கினவர் தண்ணீர் வருவதற்கு முன் கூட்டித் திருப்ப வேண்டும். சுட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வீட்டுக்கு ஒருநாள் கொப்பரை இரவல்.

வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்துவிட்டது. டீக்கடை இர்பான் பெரிய அண்டாவில் தக்காளிச் சோறு செய்திருந்தார்.

"ஆட்டுக்கறி இல்லாத மொய் விருந்த இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஒருவர்.

"கம்பெனி இன்னும் ஆடு வளர்க்கலைங்க" என்றார் இர்பான்.

கொல்லைப்புறத்து முள்ளை வெட்டிச் சுட்ட ஒன்றிரண்டு மூட்டைகள் வந்தன. மாமனார் மருமகன் வயலுக்குப் போட்டார். கொழுந்தி அக்கா வயலுக்குப் போட்டாள். அருள் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டு, தெளிவாகப் படித்தான். முன் வரிசையில் ஒரு ஓரம் பொன்னுத்தாய் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மறு ஓரம் காத்தான் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். இந்த முறை இரண்டு பேரும் வந்திருந்தார்கள். விருந்தென்று அழைத்தால் போகாமலிருப்பது மரியாதையில்லை.

அப்போது ஃபெபி மேடையேறி அண்ணன் காதில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

அருள் மைக்கைப் பொத்திக்கொண்டான். "அவங்ககிட்ட கேட்டியா?"

"நீ படிண்ணே."

"ஃபெபி, கேட்டியா?"

"ஆட்டுக்கு மைக்கத் திருப்புனல்ல அன்னைக்கு. அது மாதிரி ஒரு தடவை."

அருள் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அவன் பொத்தானை அமுக்கினான்.

"மேலத்தெரு, பெரிய வீடு, பொன்னுத்தாய் அவர்கள், கீழத்தெரு காத்தான் அவர்கள் வயலுக்குப் போடும் கரி மொய், முப்பது மூட்டை."

துண்டு விசிறுவது நின்றது. வெற்றிலை மெல்வதும் நின்றது. பந்தலுக்குப் பின்னாலிருந்து தள்ளுவண்டியில் மூட்டைகள் வந்தன. ஒவ்வொரு மூட்டை வாயிலும் இரட்டை முடிச்சு. அருளின் முடிச்சு. அம்மாவும் அவனும் ஃபெபியும் பத்து நாளாகத் தங்கள் கொல்லையில் சுட்டுச் சேர்த்த கரி அது.

ஊரே பொன்னுத்தாயைப் பார்த்தது. அவர் மறுக்கலாம். ஆனால் மைக்கில் பேர் வந்த பிறகு, நான் போடவில்லை என்று எழுந்து சொல்வதைவிட முப்பது மூட்டையைத் தலையில் சுமப்பது எளிது. மெல்வதைத் திரும்பத் தொடங்கினார்.

"ம். வண்டியில ஏத்திவிடச் சொல்லு" என்றார்.

காத்தான் எழுந்து நின்றார். துண்டை ஒருமுறை உதறினார். பிறகு மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது பொன்னுத்தாய் ஜெனரேட்டர் பக்கம் வந்தார். அருள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவருக்குப் பின்னால் ஃபெபி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"அருளு."

"சொல்லுங்க பெரியம்மா."

"முப்பது மூட்டை கரிய நான் எப்பப்பா சுட்டேன்?"

அருள் ஒயரை இன்னும் ஒரு வளையம் சுற்றினான்.

"ஓ மைக்குல பேர் தப்பா வராதுன்னு பட்டுக்கோட்டை வரைக்கும் சொல்றாங்க. இன்னைக்கு வந்துருச்சா?"

தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக்கில் திருத்திவிடலாம். நாளைக்கே மூட்டைகள் திரும்ப வந்துவிடும், கொப்பரைகளும் லாரி ஏறிவிடும். தப்பு இல்லை என்று சொன்னால், இத்தனை வருஷம் கட்டிக் காத்த ஒன்றை அவனே அழுக்காக்குகிறான். தங்கை பிடித்திருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

"வராதுங்க பெரியம்மா. எங்க மைக்குல தப்பு வராது."

"அப்ப நான் போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்க."

"எனக்கே தெரியாம."

"ஆமாங்க."

பொன்னுத்தாய் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார். "பாப்பா, அந்தச் சொம்பக் கீழ வை. பாதி தரையில கெடக்கு. ஏன்டி, என் பேர்ல அடுத்தவ போட்ட மொய் நிக்கலாமாடி? நாளைக்கே ஏரியில வெட்டிச் சுட்டு, முப்பது மூட்டைய உங்க வீட்டுல எறக்குறேன்."

"டிராக்டர் ஏரிக்குள்ள போவணுமே பெரியம்மா."

"போவும்."

"காத்தான் மாமா களத்து வழியாத்தான்."

"முப்பது மூட்டை வாங்கிட்டு வழி விடாம இருந்துருவானா அவன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஃபெபியை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அம்மா ஒன்னய நல்லா அடிச்சு வளத்திருக்கணும்" என்றார்.

"அண்ணன் விட மாட்டாருங்க."

மறுநாள் களத்துப் படல் திறந்திருந்தது. காத்தான் திறந்துவிட்டு, டிராக்டர் போவதைப் பார்க்காத மாதிரி வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வேறு வழியில்லை. மகன்கள் சிங்கப்பூரில். முப்பதைக் கூட்டித் திருப்ப வேண்டுமானால் அவரும் வெட்ட வேண்டும். வெட்டியதை இழுக்கப் பொன்னுத்தாயின் டிராக்டர் வேண்டும். நேரில் கேட்க வாய் வராமல், டிராக்டர் ஓட்டுபவரிடம், "ஒங்க மொதலாளியம்மா கண்டுக்க மாட்டாங்கன்னா எனக்கும் ஒரு நடை" என்றார். மொதலாளியம்மா பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். "கண்டுக்க மாட்டேன்னு சொல்லு" என்றார் அவரும் ஓட்டுபவரிடம்.

பெரியவர்கள் இறங்கியதும் ஊர் இறங்கியது. இந்தத் தெருவில் கொப்பரை பற்றவைத்தால் அந்தத் தெருவில் மூக்கு விடைத்துப் பார்த்தார்கள். ஃபெபி ஒவ்வொரு கொப்பரையாக ஓடினாள். தழல் அடங்கிச் சாம்பல் பூக்கிற சமயம் பார்த்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வாள். ஊற்றாமல் விட்டால் கரி சாம்பலாகிக் காற்றோடு போய்விடும். காத்தான் மூட்டை ஒன்றில் மேலே நல்ல கரியும் அடியில் வேகாத கட்டையுமாக இருந்தது.

"மாமா, இது கரி இல்ல, விறகு."

"இருட்டுல கட்டுனது."

"பகல்ல கட்டிட்டு வாங்க."

இஸ்திரிக்காரர் சைக்கிளோடு வந்து, மூட்டை என்ன விலை என்று கேட்டார். மேல என்ன உங்க அப்பன் வயலா இருக்கு என்று கேட்ட அதே காத்தான் அவரை மறித்தார். "இது மொய்க் கரிய்யா. இத எரிச்சா மேல போயிரும். போ, போ." அதைக் கேட்ட ஃபெபி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

தண்ணீர் பட்டுக்கோட்டையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்த அன்று திருப்பு மொய் விருந்து. ஏரியில் நடுத்திட்டு மட்டும் பாக்கி. இரண்டு தெருவும் சேர்ந்து விழுந்தால்தான் அது முடியும். கம்பெனிக்குச் சொன்ன கணக்குக்கும் அந்தத் திட்டு வேண்டும். காத்தான் இன்று கூட்டித் திருப்பினால் வேலை ஓடும். அப்படியே திருப்பினால் உறவு முடிந்தது. படல் சாத்தப்படும், அவர் பக்கத்து ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். ஃபெபி சோறு தொடவில்லை.

மூட்டைகள் இறங்கின. அருள் அவற்றை எண்ணினான். முறைப்படி காத்தானையும் கேட்டான்.

"முப்பதுதானா மாமா?"

"முப்பது."

"சரியாப் பாத்துட்டீங்களா?"

"எனக்கு எண்ணத் தெரியாதா? படி."

இந்த முறை அவன் கேட்டுக்கொண்டுதான் படித்தான். "கீழத்தெரு காத்தான் அவர்கள், மேலத்தெரு பொன்னுத்தாய் அவர்கள் வயலுக்குத் திருப்பும் கரி மொய், முப்பது மூட்டை."

பொன்னுத்தாயின் தாடை இறுகியது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே முகம்.

காத்தான் அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு தன் மனைவி மலர்க்கொடி பக்கம் திரும்பி, "இன்னும் என்ன, கொண்டா" என்றார்.

மலர்க்கொடி முந்தானைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கூடையைத் தூக்கி வந்தார். நிறையக் கரி. காத்தான் அதை வாங்கிப் பொன்னுத்தாயின் காலடியில் வைத்தார்.

"இது அன்னைக்கு விட்டுப்போனது" என்றார். "பெரியவன சிங்கப்பூருக்கு அனுப்புன மாசம். கையில அவ்வளவுதான் இருந்துச்சு. மைக்கு முன்னாடி நின்னு இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

பொன்னுத்தாய் கூடையைப் பார்த்தார். காலால் லேசாக அசைத்துப் பார்த்தார்.

"அதைச் சொல்ல ஒனக்கு ஒன்பது வருஷமாச்சு. அதுவும் ஒரு கூடையோட." எழுந்து சேலையைச் சொருகினார். "அடியில விறகு வச்சிருக்கியா பாக்கணும். ஏய், சாப்பிட்டவரைக்கும் போதும், எல்லாரும் இலைய மூடுங்க. நடுத்திட்டுல ஒரு மரம் மிச்சமிருக்கக் கூடாது. இவனுக்கு நான் திருப்பணும்."

கடைசிக் கொப்பரை கனன்றுகொண்டிருந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, முதலில் ஒரு நாக்கு மாதிரி. காத்தான் வாய்க்காலில் மொண்டு கொடுக்க, பொன்னுத்தாய் வாங்கி ஊற்ற, அந்தப் புதுத் தண்ணீராலேயே தணலை அணைத்தார்கள். ஃபெபி கரையில் உட்கார்ந்து, அப்போதுதான், இர்பான் எடுத்து வைத்திருந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டாள். கையெல்லாம் கரி. கழுவக்கூடத் தோன்றவில்லை.

கம்பெனி ஆட்கள் வந்து வயல்களில் தோண்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொப்பரைகள் ஊரிலேயே தங்கின. அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அவர்கள் ஃபெபியிடம் கேட்டார்களாம். பார்க்கலாம் என்றாளாம்.

ஆடியில் பொன்னுத்தாய் வீட்டு மொய் விருந்து. இந்த முறை ஆட்டுக்கறி. பக்கத்து ஊர்த் தலைவி வள்ளியம்மை முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இன்னும் எட்டாத அவர்கள் ஊர் ஏரியிலும் கருவேலம்தான். கரி விஷயமாக இரண்டு முறை ஃபெபி போய்ப் பேசியும், எங்கள் ஊரில் யாரும் ஒத்துவர மாட்டார்கள் என்று அனுப்பிவிட்டவர்.

ஃபெபி மெல்ல மேடையேறி வந்தாள். அண்ணன் காதில் ஒரு வாக்கியம் சொன்னாள்.

அருள் மைக்கைப் பொத்தினான். "அவங்ககிட்ட கேட்டியா?"

"இல்ல."

"மூட்டை இருக்கா?"

"காத்தான் மாமா வண்டியில ஏத்திட்டு நிக்குறாரு."

அருள் தொண்டையைச் செருமிக்கொண்டான். சட்டைக் காலரைச் சரிசெய்தான். ஸ்பீக்கர் மைக்குக்கு எதிரே இல்லாமல் விலகி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பொத்தானை அமுக்கி, வள்ளியம்மையின் தகப்பன் பெயர், தெரு, வீடு எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் சேர்த்து, எங்கள் ஊர் சார்பாக அவர்கள் ஊருக்குப் போடும் கரி மொய் என்று தொடங்கினான்.

பந்தியில் வள்ளியம்மையின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.